வீட்டில் கொங்கணி, ஏட்டில் கன்னடம்

மாணவர்களே! உங்களுள் பலர் வீட்டில் ஒரு மொழியும் வகுப்பறையில் வேறொரு மொழியும் விளையாட்டுத் திடலில் மற்றொரு மொழியும் பேசி வளர்கின்றீர்கள். 'இவற்றுள் எம்மொழியில் நீ எழுதுவாய்?' என ஒருவர் வினவினால் உடனே விடை கூறுதல் எளிதன்று. அவ்வினாவைத் தம் இருபத்திரண்டாம் வயதில் எதிர்கொண்ட ஒருவரைப் பற்றியது இப்பாடம்.

கிரீஷ் கர்னாட் 1938ஆம் ஆண்டு மே மாதம் 19ஆம் நாள் மகாராட்டிரத்தின் மாதேரான் என்னும் மலையூரில் பிறந்தார். அவருடைய தாய்மொழி கொங்கணி. தந்தையார் மருத்துவர். வடகன்னடப் பகுதியிலுள்ள சிர்சி என்னும் சிற்றூரில் கர்னாட்டின் இளமைக்காலம் கழிந்தது. வீட்டில் கொங்கணி, தெருவில் கன்னடம். பதினான்காம் வயதில் குடும்பம் தார்வாடு நகருக்குக் குடிபெயர்ந்தது. அங்குக் கணிதம் பயின்று 1958இல் பட்டம் பெற்றார்.

சிர்சியில் அவர் இருவகை நாடகங்களைக் கண்டார். ஒன்று, ஊர் ஊராகச் சென்ற நாடகக் கம்பெனிகள் பெட்ரோமாக்ஸ் விளக்கொளியில், வண்ணந்தீட்டிய திரைச்சீலைகளின் முன் நடத்தியது. மற்றொன்று, திறந்தவெளியில் தீவட்டி வெளிச்சத்தில் ஆடப்பெற்ற யட்சகானம். நம் தெருக்கூத்தைக் கண்டவர்களுக்கு யட்சகானம் அந்நியமாகத் தோன்றாது. பின்னர் அவர் மும்பையில் இப்ராகிம் அல்காசி இயக்கிய, சுவீடன் நாட்டு ஆசிரியர் ஸ்டிரின்ட்பர்க்கின் நாடகமொன்றைக் கண்டார். மேடை விளக்குகள் மெல்ல ஒளிகூடியும் குறைந்தும் மனத்தின் நிலையைக் காட்டிய விதம் அவரைத் திகைக்கச் செய்தது. அல்காசியின் பெயரை நினைவில் வையுங்கள், மீண்டும் வருவார்.

இங்கிலாந்து சென்று ஆங்கிலக் கவிஞராகப் புகழ்பெற வேண்டும் என்பதே இளமையில் கர்னாட்டின் கனவு. ஆக்ஸ்போர்டுப் பல்கலைக்கழகத்தில் பயில ரோட்ஸ் உதவித்தொகையும் கிடைத்தது. அயல்நாடு செல்லும் மகன் திரும்பி வருவானோ எனப் பெற்றோர் கவலையுற்றனர். அந்நாளில் அவர் இராஜாஜி எழுதிய மகாபாரதத்தைப் படித்துக்கொண்டிருந்தார். அதில் வரும் யயாதியின் கதை அவரைப் பற்றிக்கொண்டது. சாபத்தால் முதுமையடைந்த மன்னன் யயாதி, தன் மகன் புருவிடம் இளமையைக் கேட்டுப் பெறுகிறான். பாத்திரங்களின் உரையாடல் காதில் ஒலிப்பது போலவும், தாம் அதனை எழுதுபவர் மட்டுமே போலவும் உணர்ந்ததாகக் கர்னாட் பின்னாளில் கூறியுள்ளார். அவ்வாறு ஒலித்த மொழி ஆங்கிலமன்று, தாய்மொழியாகிய கொங்கணியுமன்று, கன்னடம். அவரே எதிர்பாராதது இது. 'யயாதி' நாடகம் 1961இல் தார்வாட்டில் நூலாக வெளிவந்தது. மூலக்கதையில் இல்லாத ஒரு பாத்திரம் அதில் உண்டு: புருவின் மனைவி சித்திரலேகை. தந்தைக்காக மகன் இளமையைத் துறந்தால் தன் வாழ்வு என்னாவது என அவள் கேட்கிறாள். பெற்றோர் விருப்பத்துக்கும் தம் விருப்பத்துக்கும் இடையே நின்ற இளைஞர் எழுதிய நாடகம் அது என்பதை நினைந்தால் அக்கேள்வியின் கூர்மை புலப்படும்.

ஆக்ஸ்போர்டிலிருந்து 1963இல் திரும்பிய கர்னாட், சென்னையில் ஆக்ஸ்போர்டுப் பல்கலைக்கழகப் பதிப்பகத்தில் பணியேற்று ஏழாண்டுகள் அந்நகரில் வாழ்ந்தார். 'மெட்ராஸ் பிளேயர்ஸ்' என்னும் நாடகக் குழுவிலும் ஈடுபட்டார். அவரைப் புகழின் உச்சிக்குக் கொண்டுசென்ற 'துக்ளக்' (1964) இக்காலத்தில் வெளிவந்தது. 'துக்ளக்' என்றவுடன் உங்கள் பெற்றோருக்குச் சோ இராமசாமியின் நாடகம் நினைவுக்கு வரக்கூடும். அது வேறு, நகைச்சுவை நாடகம், காலத்தால் பிற்பட்டது.

கர்னாட்டின் துக்ளக் அறிவாளி, கனவு காண்பவன். தில்லியிலிருந்து தௌலதாபாத்துக்குத் தலைநகரை மாற்றுகிறான். வெள்ளி நாணயத்துக்கு ஈடாகச் செப்பு நாணயம் வெளியிடுகிறான். ஒவ்வொரு திட்டமும் சீரழிகிறது. விடுதலைக்குப் பிந்திய இந்தியாவின் நம்பிக்கைகளும் ஏமாற்றங்களும் அதில் தெரிவதாகப் பலர் கண்டனர். எனக்கு அந்நாடகத்தின் அமைப்பே பெருவியப்பு. பழைய கம்பெனி நாடகத்தில் அரண்மனைக் காட்சி மேடையின் முழு ஆழத்திலும் நிகழும். அடுத்த காட்சிக்கு மேடையை ஒழுங்குசெய்யும்போது, முன்னே ஒரு தெருத்திரை இறங்கும். அதன்முன் கோமாளிகள் வந்து சிரிப்பூட்டுவர். கர்னாட் இம்முறையையே கையாண்டார். அரண்மனையில் துக்ளக், தெருவில் அஜீஸ் என்னும் ஏமாற்றுக்காரன். அரசு சிதையச் சிதைய இவ்வெல்லையும் அழிகிறது. தெருவில் நின்றவன் முடிவில் அரண்மனைக்குள்ளேயே வந்து மன்னன் எதிரில் நிற்கிறான். சிறுவனாகச் சிர்சியில் கண்ட திரைச்சீலை எங்கே வந்து பயன்பட்டது, பாருங்கள்! 1974இல் இந்நாடகத்தைத் தில்லிப் பழைய கோட்டையின் இடிபாடுகளுக்கிடையே மேடையேற்றியவர் அதே அல்காசி.

1970இல் பணியைத் துறந்து முழுநேர எழுத்தாளரானார். அடுத்த ஆண்டு 'ஹயவதன' வெளிவந்தது. வேதாளம் விக்கிரமாதித்தனுக்குச் சொன்ன, தலை மாறிய கதையை நீங்கள் கேட்டிருக்கலாம். அறிஞன் தேவதத்தன், உடல்வலி மிக்க கபிலன் ஆகிய இருவர் தலைகளையும் பத்மினி அவசரத்தில் உடல் மாற்றிப் பொருத்திவிடுகிறாள். தலையே முதன்மை என்பதோடு வேதாளக் கதை முடிகிறது. ஜெர்மானிய எழுத்தாளர் தாமஸ் மானின் வழியில் கர்னாட் மேலும் செல்கிறார். தலைக்கேற்ப உடல்கள் மெல்ல மாறிவிடுகின்றன. பத்மினிக்கு இருவரின் சிறப்பும் ஒருங்கே வாய்த்த நிறைவு நிலைப்பதில்லை. இதனூடே குதிரைத்தலை மனிதன் ஒருவன் வருகிறான். முழுமை வேண்டித் தவித்த அவன் முழுக்குதிரையாகிறான். ஆயினும் மனிதக் குரல் மட்டும் எஞ்சித் துன்புறுத்துகிறது.

'நாகமண்டல' (1988) நாடகத்துக்குரிய நாட்டுப்புறக் கதைகளைக் கர்னாட் ஏ. கே. இராமானுஜனிடமிருந்து கேட்டறிந்தார். இராமானுஜன் மைசூரில் பிறந்த தமிழர். கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் கவிதை எழுதியவர். சங்கப் பாடல்களை ஆங்கிலத்தில் பெயர்த்தவர். அந்நாடகத்தில், வீடுகளில் அணைக்கப்பட்ட விளக்குச் சுடர்கள் இரவில் பாழடைந்த கோயிலொன்றில் கூடித் தத்தம் வீட்டுக் கதைகளைப் பேசுகின்றன. கன்னட நாட்டின் பசவண்ணரையும் சரணர்களையும் பற்றிய 'தலெதண்ட' சாகித்திய அகாதெமி விருது பெற்றது.

திரைப்படத்திலும் அவர் பங்கு பெரிது. அனந்தமூர்த்தியின் புதினத்தைத் தழுவிய 'சம்ஸ்கார' (1970) படத்துக்குத் திரைக்கதை எழுதி, முதன்மைப் பாத்திரத்திலும் நடித்தார். முதலில் தணிக்கைக் குழுவினரால் தடைசெய்யப்பட்ட அப்படமே பின்னர்ச் சிறந்த இந்தியப் படத்துக்கான தேசிய விருதைப் பெற்றது. பி. வி. காரந்துடன் இணைந்து 'வம்சவிருட்ச', தனித்து 'காடு', 'ஒந்தானொந்து காலதல்லி' ஆகியவற்றை இயக்கினார். தொலைக்காட்சியில் 'மால்குடி டேஸ்' தொடரில் சுவாமியின் கண்டிப்பான தந்தையாக வந்தவரும், 'காதலன்' படத்தில் ஆளுநராக வந்தவரும் அவரே. நடிப்பு தமக்குப் பொருளீட்டும் வழி என்பதை அவர் மறைத்ததில்லை. நாடகமே அவர் உயிர். 1998ஆம் ஆண்டுக்குரிய ஞானபீட விருது அவருக்கு வழங்கப்பெற்றது.

ஆங்கிலத்தில் எழுதவேண்டும் என்ற கனவு என்னாயிற்று? தம் கன்னட நாடகங்களைத் தாமே ஆங்கிலத்தில் பெயர்த்தார். அவை பல மொழிகளில் நடிக்கப்பெற்றன. விசயநகரப் பேரரசைச் சாய்த்த 1565ஆம் ஆண்டுப் போரைப் பற்றிய 'ராட்சஸ தங்கடி'யை எழுதியபோது அவருக்கு அகவை எண்பதை நெருங்கியிருந்தது. அதனையும் கன்னடத்திலேயே எழுதினார். 2019 சூன் 10ஆம் நாள் பெங்களூரில் காலமானார். அவர் விரும்பியவாறே, அரசு மரியாதையும் சடங்குகளும் இன்றி அவரது உடல் எரியூட்டப்பட்டது.