ஒரு பிஸ்கட் டின்னில் 250 வருஷம்: பழைய பிரிட்டிஷ் வெள்ளி நாணயங்களைப் படிப்பது எப்படி?

(ஒலிப்பதிவின் திருத்திய எழுத்து வடிவம்)

இன்னைக்கு பழைய பிரிட்டிஷ் வெள்ளி நாணயங்களைப் பற்றிப் பேசப் போறேன். நான் இங்கிலாந்துக்கு வந்து பன்னிரண்டு வருஷம் ஆகுது. அதில் ஒன்பது வருஷமா இந்த நாணயங்களைச் சேர்த்துக்கிட்டு இருக்கேன். சேர்க்கிறவன்தான், வியாபாரி கிடையாது. அதை முதல்லயே சொல்லிடறேன்.

எங்கள் பக்கத்து வீட்டில் ஒரு பாட்டி இருக்கிறார். போன வருஷம் அவர் கணவர் தவறிவிட்டார். அலமாரியைக் காலி செய்யும்போது ஒரு பழைய பிஸ்கட் டின் கிடைத்திருக்கிறது. உள்ளே அறுபத்துச் சொச்சம் நாணயங்கள். பழைய நகை வாங்கும் ஒரு கடைக்குக் கொண்டுபோனார். அங்கே மொத்தத்தையும் தராசில் கொட்டி ஒரு தொகை சொல்லியிருக்கிறார்கள். "எல்லாமே பாதி வெள்ளிதான்" என்று கணக்காம். பாட்டிக்கு அது மனசுக்கு ஒப்பவில்லை. டின்னை எடுத்துக்கொண்டு நேராக என் வீட்டுக்கு வந்துவிட்டார்.

அந்த டின்னை வச்சே இன்னைக்கு விஷயத்தைச் சொல்றேன். நான் செய்த ஒரு தப்பையும் சொல்லணும்.

முதலில் பார்க்க வேண்டியது: வருஷம்

பிரிட்டிஷ் வெள்ளி நாணயம் கையில் கிடைத்தால் ராஜா யார், ராணி யார் என்பதையெல்லாம் அப்புறம் பார்க்கலாம். முதலில் வருஷம். 1920, 1947 என்ற இரண்டு எண்களை மட்டும் மனப்பாடம் பண்ணிக்கோங்க.

1920-க்கு முன்னால் அடித்த வெள்ளி நாணயங்களில் 92.5 சதவீதம் வெள்ளி, மீதி பெரும்பாலும் செம்பு. இதைத்தான் ஸ்டெர்லிங் என்கிறோம். முதல் உலகப் போருக்குப் பிறகு வெள்ளி விலை ஏறியது. நாணயத்தின் முகமதிப்பைவிட அதற்குள் இருக்கும் வெள்ளியின் விலை அதிகமாகிவிட்டது. அப்படி ஆனால் என்ன நடக்கும்? உருக்கி விற்றுவிடுவார்கள். அதனால் 1920-இல் சட்டம் போட்டு வெள்ளியை 50 சதவீதமாகக் குறைத்தார்கள். இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் அதுவும் போயிற்று. போர்க்காலத்தில் அமெரிக்காவிடம் கடனாக வாங்கிய வெள்ளியைத் திருப்பித் தர வேண்டியிருந்தது. 1947 முதல் புழக்கத்துக்கு வந்தவை செம்பும் நிக்கலும் கலந்தவை, வெள்ளியே கிடையாது. ஈஸ்டருக்கு முந்தைய வியாழக்கிழமை மன்னர் கையால் கொடுக்கும் மாண்டி காசுகள் மட்டும் விதிவிலக்கு. அவை இன்றும் ஸ்டெர்லிங்தான்.

ஒரு ஹாஃப் கிரவுன் நாணயத்தின் எடை 14.14 கிராம். 1919-ஆம் வருஷத்து ஹாஃப் கிரவுன் என்றால் அதில் சுத்த வெள்ளி 13 கிராமுக்குக் கொஞ்சம் மேலே. 1921 என்றால் 7 கிராம். பார்க்க இரண்டும் ஒரே மாதிரி இருக்கும், அதே ஐந்தாம் ஜார்ஜ் தலைதான். இப்போது அந்தக் கடைக்காரர் கணக்கில் எங்கே தப்பு என்று புரிந்திருக்கும். பாட்டியின் டின்னை மூன்று குவியலாகப் பிரித்தோம். 1920-க்கு முந்தியவை 19, பாதி வெள்ளி 31, வெள்ளியே இல்லாதவை 12. முதல் குவியலுக்கு அவர் ஏறக்குறைய பாதி விலைதான் சொல்லியிருக்கிறார். மூன்றாவது குவியலுக்குக் கொஞ்சம் கூடுதலாகவே சொல்லியிருக்கிறார் என்பதையும் நியாயமாகச் சொல்ல வேண்டும்.

அடுத்தது: தலை யாருடையது?

பழைய கணக்கு தெரியாதவர்களுக்கு ஒரு வரி. ஒரு பவுண்டுக்கு 20 ஷில்லிங், ஒரு ஷில்லிங்குக்கு 12 பென்ஸ். ஆக 240 பென்ஸ். சிக்ஸ்பென்ஸ் அரை ஷில்லிங், ஃப்ளோரின் இரண்டு ஷில்லிங், ஹாஃப் கிரவுன் இரண்டரை ஷில்லிங், கிரவுன் ஐந்து ஷில்லிங்.

பெயர்கள் லத்தீனில் இருக்கும். ஜார்ஜ் என்பது ஜார்ஜியஸ், வில்லியம் என்பது குலியெல்மஸ். எத்தனையாவது ஜார்ஜ் என்பதை ரோமன் எண்ணை வைத்துக் கண்டுபிடிக்கலாம். நான்காம் ஜார்ஜின் ஆரம்பக் காசுகளில் நாம் பள்ளிக்கூடத்தில் படித்த மாதிரி ஒரு கோடும் 'வி'யும் இருக்காது, நான்கு கோடுகள் வரிசையாக இருக்கும். மூன்றாம் ஜார்ஜ் என்று நினைத்துப் பலர் ஏமாந்திருக்கிறார்கள், நானும்தான்.

இரண்டாம் சார்லஸ் காலத்திலிருந்து ஒரு வழக்கம் உண்டு. ஒரு மன்னர் வலது பக்கம் பார்த்தால் அடுத்தவர் இடது பக்கம் பார்ப்பார். விக்டோரியா இடது, ஏழாம் எட்வர்ட் வலது, ஐந்தாம் ஜார்ஜ் இடது. அடுத்து வந்த எட்டாம் எட்வர்ட் வலது பக்கம் பார்த்திருக்க வேண்டும். தன் இடது முகம்தான் அழகு என்று பிடிவாதம் பிடித்தார். ஆனால் அவருடைய காசு பிரிட்டனில் புழக்கத்துக்கு வரும் முன்பே முடியைத் துறந்துவிட்டார். அடுத்த ஆறாம் ஜார்ஜ், அண்ணன் ஒழுங்காக வலது பக்கம் பார்த்த மாதிரியே பாவித்து, இடது பக்கம் பார்க்கிறார்!

விக்டோரியா 63 வருஷம் ஆண்டவர். அதனால் அவருக்கு மூன்று முகங்கள். 1887 வரை தலையில் ரிப்பன் கட்டிய இளம்பெண். 1887-இலிருந்து 1893 வரை உச்சந்தலையில் சின்னக் கிரீடம் வைத்த ஜூபிலி முகம். அதன் பிறகு முக்காடு போட்ட வயதான முகம். மூன்றையும் வரிசையாக வைத்துப் பாருங்க, ஒரு மனுஷி நம் கண்ணெதிரே வயசாகிறது தெரியும்.

அந்த ஜூபிலி வருஷத்தில் ஒரு கூத்து நடந்தது. 1887-இல் வந்த புது சிக்ஸ்பென்ஸின் பின்பக்கம், தங்க அரை சாவரின் மாதிரியே இருந்தது. அளவும் ஏறக்குறைய ஒன்றுதான். விடுவார்களா? ஆறு பென்ஸ் காசுக்குத் தங்க முலாம் பூசி, பத்து ஷில்லிங் தங்கக் காசு என்று தள்ளிவிட ஆரம்பித்தார்கள். அதே வருஷம் வடிவத்தை மாற்றி, பின்பக்கம் 'சிக்ஸ் பென்ஸ்' என்று எழுத்திலேயே போட்டுவிட்டார்கள். பாட்டியின் டின்னில் அந்த முதல் வகை ஒன்று இருந்தது. அரிய காசு இல்லை, ஆனால் இந்தக் கதையைக் கேட்டதும் பாட்டி அதைத் தனியாக எடுத்து வைத்துக்கொண்டார்.

காகிதத்தில் சுற்றியிருந்த அந்த ஒன்று

டின்னின் அடியில், மடித்த காகிதத்துக்குள் ஒரு ஷில்லிங் இருந்தது. மூன்றாம் வில்லியம், 1697.

இந்த வருஷத்துக்குப் பின்னால் பெரிய வரலாறு இருக்கிறது. 1662 வரைக்கும் இங்கிலாந்துக் காசுகளில் பெரும்பாலானவை கையால் அடித்தவை. இரண்டு அச்சுக்கு நடுவே வெள்ளித் தகட்டை வைத்துச் சுத்தியலால் ஓங்கி அடிப்பார்கள். காசு முழு வட்டமாக இருக்காது. அதனால் ஓரத்தைக் கத்தரித்து வெள்ளியைத் திருடுவது சுலபம். பிடிபட்டால் மரண தண்டனை, அப்படியும் திருட்டு நிற்கவில்லை. 1662-இல் இயந்திரம் நிரந்தரமாக வந்தது. பெரிய காசுகளின் விளிம்பில் எழுத்தைப் பொறித்தார்கள். 'அழகும் பாதுகாப்பும்' என்று பொருள்படும் லத்தீன் வாசகம் அது. கத்தரித்தால் எழுத்து அறுந்துவிடும், உடனே தெரிந்துவிடும்.

ஆனால் பழைய கத்தரித்த காசுகள் அப்படியே புழங்கிக்கொண்டிருந்தன. கடைசியில் 1696-இல், அவை எல்லாவற்றையும் திரும்பப் பெற்று உருக்கி, புதிதாக அடிக்க ஆரம்பித்தார்கள். அந்த வருஷம்தான் ஐசக் நியூட்டன் லண்டன் நாணயச்சாலைக்கு அதிகாரியாக வந்தார். ஆமாங்க, அதே நியூட்டன்தான். லண்டன் மட்டும் போதவில்லை. பிரிஸ்டல், செஸ்டர், எக்ஸிடர், நாரிச், யார்க் என்று ஐந்து ஊர்களில் தற்காலிக நாணயச்சாலைகள் திறந்தார்கள். அங்கே அடித்த காசுகளில் மன்னர் மார்புக்குக் கீழே அந்தந்த ஊரின் முதல் எழுத்து இருக்கும். செஸ்டரில் வேலை பார்த்த அதிகாரிகளில் ஒருவர் எட்மண்ட் ஹாலி, வால்நட்சத்திரத்துக்குப் பெயர் கொடுத்தவர்.

பாட்டியின் ஷில்லிங்கில் மார்புக்குக் கீழே கறுப்பாக அழுக்கு படிந்திருந்தது. எழுத்து இருக்கிறதா இல்லையா, தெரியவில்லை. எனக்கோ கை பரபரத்தது.

என் தப்பு

எங்க வீட்டில் பொங்கலுக்கு முன்னாடி அம்மா வெள்ளிக் குத்துவிளக்கை விபூதி போட்டுத் துலக்குவாங்க. பளபளன்னு ஆகிடும். அந்த நினைப்பில் சுவாமி அலமாரியிலிருந்து ஒரு சிட்டிகை விபூதி எடுத்துத் துணியில் வைத்துத் தேய்த்தேன். இரண்டு நிமிஷத்தில் எழுத்து தெரிந்தது. 'சி'. செஸ்டர்! சந்தோஷத்தில் மீதிப் பக்கத்தையும் தேய்த்துவிட்டேன்.

அடுத்த வாரம் ஒரு நாணயக் கடையில் காட்டினேன். அவர் பூதக்கண்ணாடியை வைத்து ஐந்து நொடிதான் பார்த்தார். "தேய்த்தீர்களா?" என்று கேட்டார். தேய்க்காமல் கொண்டுவந்திருந்தால் மூன்று மடங்கு கொடுத்திருப்பேன் என்றார்.

ஏன் அப்படி? வெள்ளி காற்றிலுள்ள கந்தகத்தோடு சேர்ந்து மெதுவாகக் கறுக்கும். அந்தப் படலம் உருவாகப் பல ஆண்டுகள் பிடிக்கும். சேகரிப்பவர்கள் அதைத்தான் மதிக்கிறார்கள், காசு இயல்பாக முதிர்ந்ததற்கு அது அடையாளம். தேய்த்தால் படலம் மட்டும் போவதில்லை. மேலே இருக்கும் வெள்ளியும் சேர்ந்து போகிறது, முடி போல மெல்லிய கீறல்கள் விழுகின்றன. போனது போனதுதான், திரும்ப வராது. குத்துவிளக்கு நம்ம வீட்டில் இருக்கப் போகிறது, தேய்க்கலாம். காசைத் தேய்க்கவே கூடாது. விபூதி, பற்பசை, எலுமிச்சை, கடையில் விற்கும் வெள்ளி திரவம் எதுவுமே வேண்டாம்.

அதைவிடக் கஷ்டம் பாட்டியிடம் சொன்னதுதான். அது என் காசு இல்லையே. ஒன்பது வருஷமாகச் சேர்க்கிறேன் என்ற நம்பிக்கையில்தானே என்னிடம் கொண்டுவந்தார்! மறுநாள் காலை போய் நடந்ததைச் சொன்னேன். வித்தியாசத் தொகையை நானே தருகிறேன் என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அவர் அதைக் காகிதத்தில் சுற்றி வைத்ததற்குக் காரணம் இருந்திருக்கும் இல்லையா?" என்று மட்டும் கேட்டார். பணத்தை முதலில் மறுத்தார். நான் விடவில்லை, வாங்கிக்கொண்டார். காசு இப்போது என்னிடம் இருக்கிறது. விற்க மாட்டேன்.

போலியைக் கண்டுபிடிக்க

ஏழாம் எட்வர்ட் காலத்து 1905 ஹாஃப் கிரவுன் குறைவாக அடித்த காசு, ஒரு லட்சத்து அறுபத்தாறாயிரம் சொச்சம்தான். அதனாலேயே போலிகள் அதிகம். யாராவது மலிவாகக் கொடுத்தால் கையைக் கட்டிக்கொண்டு நில்லுங்க.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். 0.01 கிராம் வரை காட்டும் சின்ன டிஜிட்டல் தராசு வேண்டும். காசை எடை போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ஒரு டம்ளர் தண்ணீரைத் தராசில் வைத்துப் பூஜ்யத்துக்குக் கொண்டுவாருங்கள். காசை நூலில் கட்டி, அடியையும் பக்கத்தையும் தொடாமல் தண்ணீருக்குள் முழுக்கத் தொங்கவிடுங்கள். தராசு ஒரு சின்ன எண் காட்டும். முதல் எடையை அந்த எண்ணால் வகுத்தால், ஸ்டெர்லிங்குக்கு ஏறக்குறைய 10.3 வர வேண்டும். ஹாஃப் கிரவுன் என்றால் தண்ணீரில் 1.37 கிராம் பக்கத்தில் காட்டும். செம்பு நிக்கல் என்றால் விடை 8.9 வரும். தேய்ந்த காசின் எடை குறையும், ஆனால் இந்த விடை மாறாது. முடிந்ததும் துணியில் ஒற்றி எடுங்க, தேய்க்காதீங்க.

ஒன்று ஞாபகம் இருக்கட்டும். இந்தச் சோதனை உலோகத்தைத்தான் சொல்லும். நல்ல வெள்ளியிலேயே செய்த போலிகளும் உண்டு. விலை உயர்ந்த காசு என்றால் எழுத்துகளை நிஜமான காசோடு ஒப்பிட வேண்டும், அல்லது தெரிந்தவரிடம் காட்ட வேண்டும்.

எங்கிருந்து ஆரம்பிப்பது?

ஒரே மதிப்பைத் தேர்ந்தெடுத்து, ஆட்சிக்கு ஒன்று என்று சேருங்கள். நான் சிக்ஸ்பென்ஸ் சொல்வேன். ஆறாம் ஜார்ஜிலிருந்து பின்னோக்கிப் போகலாம். விக்டோரியா வரை பர்ஸுக்குப் பெரிய வலி இருக்காது. மூன்றாம் வில்லியம் சிக்ஸ்பென்ஸும் ஏராளமாக அடித்ததால் இன்னும் எட்டும் தூரத்தில் இருக்கிறது. வளைந்திருந்தால் குறை என்று நினைக்காதீங்க. காதலர்கள் அன்பின் அடையாளமாக வளைத்துக் கொடுப்பது அப்போது வழக்கம். அதற்கும் பின்னால் போனால் முதலாம் எலிசபெத். அவர் சிக்ஸ்பென்ஸில் தலைக்குப் பின்னால் ஒரு ரோஜாப்பூ இருக்கும். நான்கு பென்ஸ் காசோடு குழம்பாமல் இருக்க வைத்த அடையாளம் அது.

கடைசியாக, நிறைய பேர் ஊரில் பாட்டி வைத்திருந்த 'விக்டோரியா ராணி ரூபாய்' படம் அனுப்பிக் கேட்கிறீர்கள். அது வெள்ளிதான், ஆனால் இந்தியாவுக்காக அடித்த ரூபாய், இன்று பேசிய வரிசையில் வராது. அதைப் பற்றித் தனியாக ஒரு எபிசோடு பண்றேன். அதுவரைக்கும் ஒரே வேண்டுகோள்: அதைத் துலக்கிடாதீங்க.