ஏறிய கியரிலேயே இறங்குவது ஏன்?

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒருவர் புதிதாகக் கார் வாங்கினால் அது முதலில் எங்கே போகும் என்று கேட்கவே வேண்டாம். ஆண்டாள் கோயில் முன்னே நிறுத்தி, சந்தனம் குங்குமம் இட்டு, மாலை சாற்றி, நான்கு சக்கரங்களுக்கும் கீழே எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிய பிறகுதான் வண்டி வீடு போய்ச் சேரும். அடுத்த பயணம் பெரும்பாலும் குற்றாலம். ஆசை இன்னும் கொஞ்சம் கூடினால் செங்கோட்டையைத் தாண்டி, ஆரியங்காவுக் கணவாய் வழியாகத் தென்மலை, கொல்லம் வரை போய் வருவார்கள்.

ஐரோப்பாவிலும் இந்த ஆசை உண்டு. அங்கே புதிதாக ஸ்போர்ட்ஸ் கார் வாங்கியவர்கள் அதை ஆல்ப்ஸ் மலைப் பாதைகளில் ஓட்டிப் பார்க்கப் புறப்படுவார்கள். இத்தாலியில் உள்ள ஸ்டெல்வியோ கணவாய் இவர்களுக்குப் பெரிய ஈர்ப்பு. அதன் உயரம் 2757 மீட்டர். பாதை திறக்கப்பட்டது 1825-இல். வடக்குப் பக்கச் சரிவில் மட்டும் 48 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு வளைவுக்கும் எண் உண்டு. அடிவாரத்திலிருந்து உச்சி வரை 1800 மீட்டருக்கு மேல் ஏற வேண்டும். நம் வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானலுக்கு ஏறும் உயரமும் ஏறத்தாழ இவ்வளவுதான்! ஏறும்போது அந்தச் சிவப்பு ஸ்போர்ட்ஸ் காருக்கும் நம் குடும்பக் காருக்கும் வேறுபாடு பெரிது. இறங்கும்போதோ இரண்டும் ஒரே கணக்குக்குக் கட்டுப்பட்டவை. இறங்குவதன் கணக்கைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

முதலில் நம் பாதையில் கிளம்புவோம். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையம் போகும்போது வலப்பக்கத்தில் மேற்குத் தொடர்ச்சி மலை ஒரு மதில்போல் கூடவே வருகிறது. பஞ்சாலைகளும் மாந்தோப்புகளும் கொண்ட ராஜபாளையத்தைக் கடந்து, சிவகிரி, வாசுதேவநல்லூர், புளியங்குடி, கடையநல்லூர், தென்காசி என்று போனாலும் மதில் முடிவதில்லை. (சக்கரத்தின் கீழ் நசுங்கிய எலுமிச்சம்பழம் புளியங்குடிச் சந்தையிலிருந்து வந்திருக்கவும் கூடும். எலுமிச்சைக்குப் பேர்போன ஊர் அது.) குமுளிக்குத் தெற்கே இந்த மலைத்தொடரைக் குறுக்கே கடக்கும் முக்கியமான மோட்டார்ச் சாலை ஒன்று செங்கோட்டைக் கணவாயில் கிடைக்கிறது. 1904-இல் ரயில் பாதையும் இதே இடைவெளியில்தான் நுழைந்தது. 1956 வரை திருவிதாங்கூரோடு இருந்த செங்கோட்டையைக் கடந்தால் புளியரை. அங்கிருந்து வளைந்து வளைந்து ஏற்றம். கேரள எல்லைக்கு அப்பால் ஆரியங்காவு. பிறகு தென்மலை நோக்கி இறக்கம்.

ஏறும்போது எஞ்சின் உறுமுகிறது, பெட்ரோல் செலவாகிறது. அந்தப் பெட்ரோலின் ஆற்றலில் ஒரு பகுதி எங்கும் போய்விடவில்லை. காரும் நீங்களும் உயரத்தில் இருக்கிறீர்கள் அல்லவா? அந்த உயரமே நிலை ஆற்றலாகச் சேமிக்கப்பட்டிருக்கிறது. இறங்கும்போது அதைத் திருப்பிக் கொடுத்தாக வேண்டும். கொடுக்காமல் வைத்திருக்க வழியில்லை. வேகமாக மாறி வண்டியைக் கீழே இழுக்கும்.

எவ்வளவு ஆற்றல் என்று கணக்கிடுவோம். ஆட்களோடும் மூட்டை முடிச்சுகளோடும் காரின் நிறை 1200 கிலோகிராம் என்று கொள்வோம். 100 மீட்டர் உயரம் இறங்கினால் 1200 x 9.8 x 100, அதாவது சுமார் 11 லட்சத்து 76 ஆயிரம் ஜூல். இந்த எண் ஒன்றும் சொல்லவில்லை என்றால் இப்படிப் பாருங்கள்: நான்கு லிட்டர் தண்ணீரை 30 டிகிரி வெப்பநிலையிலிருந்து கொதிக்கும் வரை சூடாக்க இவ்வளவு ஆற்றல் வேண்டும். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் அதே காரை முழுவதுமாக நிறுத்துவதைப் போல் இது ஏழு மடங்கு. கொடைக்கானலிலிருந்து அடிவாரம் வரை 1800 மீட்டர் இறங்கினால், கல்யாண வீட்டு அண்டாவில் 70 லிட்டருக்கு மேல் தண்ணீரைக் கொதிக்க வைத்து விடலாம்.

டயர்களின் உராய்வும் எதிர்க்காற்றும் இதில் ஒரு பங்கை எடுத்துக்கொள்கின்றன. மீதியை யார் வாங்கிக்கொள்வது? பிரேக்கை மட்டும் அழுத்திக்கொண்டே இறங்கினால் அத்தனையும் பிரேக்கின் தலையில்தான் விழும். நான்கு சக்கரங்களிலும் உள்ள பிரேக் இரும்பின் மொத்த நிறை 20 கிலோ என்று வைத்துக்கொண்டால், அந்த 100 மீட்டர் இறக்கத்தின் வெப்பம் முழுவதும் அதில் தங்கினால் சூடு சுமார் 125 டிகிரி ஏறும். காற்று பட்டு ஓரளவு ஆறும் என்பது உண்மைதான். ஆனால் மலைப்பாதையில் மெதுவாகத்தானே போகிறோம், காற்றும் குறைவு. வரும் சூடு மிகுதி, போகும் சூடு குறைவு.

உராய்வு சுடும் என்பதை ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆடிப்பூரத் தேரோட்டம் பார்த்தவர்கள் அவர்கள். மரக்கட்டைகளைச் சக்கரத்துக்கு முன்னே செருகித் தேரை நிறுத்தும் முறை நம் கோயில்களில் நெடுங்காலமாக இருந்து வருவது. ‘முட்டுக்கட்டை போடுவது’ என்று பேச்சில் வழங்குகிறோமே, அதேதான். சக்கரத்தின் கீழ் நசுங்கி வெளியே வந்த கட்டையைத் தொட்டால் சுடும். இன்று பல பெரிய தேர்களுக்கு இரும்புச் சக்கரமும் ஹைட்ராலிக் பிரேக்கும் வந்துவிட்டன.

மோட்டார் காரின் முதல் நெடும்பயணமே பிரேக்கால் தொல்லைப்பட்ட பயணம்தான் என்பது உங்களுக்கு வியப்பாக இருக்கலாம். 1888 ஆகஸ்டில் ஜெர்மனியில், கார்ல் பென்ஸ் உருவாக்கிய மூன்று சக்கர மோட்டார் வண்டியை எடுத்துக்கொண்டு, அவருடைய மனைவி பெர்த்தா பென்ஸ் தம் இரு மகன்களுடன் மான்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமில் இருந்த தாய்வீட்டுக்குப் புறப்பட்டார். தூரம் 100 கிலோமீட்டருக்குச் சற்று மேல். கணவரிடம் சொல்லிக்கொள்ளவில்லை! வழியில் எரிபொருளை மருந்துக் கடையில் வாங்கினார். எரிபொருள்க் குழாய் அடைத்தபோது தொப்பி ஊசியால் குத்திச் சரிசெய்தார். மேடு வந்தபோது பிள்ளைகள் வண்டியைத் தள்ள வேண்டியதாயிற்று. இறக்கங்களிலோ மரத்தாலான பிரேக் கட்டைகள் தேய்ந்து பிடிப்பை இழந்தன. பெர்த்தா ஒரு செருப்புத் தைப்பவரிடம் சென்று கட்டைகளின் மேல் தோலை ஆணியடித்து வாங்கிக்கொண்டார். இன்று ‘பிரேக் லைனிங்’ என்று கடையில் கேட்டு வாங்குகிறோமே, அதன் முன்னோடி இதுதான் என்பார்கள். ஊர் திரும்பிய பின், மேட்டில் ஏறுவதற்கென்று தாழ்ந்த கியர் ஒன்றைக் கார்ல் பென்ஸ் சேர்த்தார். ஏற்றத்துக்காக வந்த அந்தத் தாழ்ந்த கியர்தான் இறக்கத்திலும் நம்மைக் காப்பாற்றுகிறது. எப்படி?

ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டால் பெட்ரோல் எஞ்சினுக்குள் காற்று நுழையும் வழி ஏறக்குறைய மூடிக்கொள்கிறது. ஆனால் வண்டி கியரில் இருப்பதால் சக்கரங்கள் எஞ்சினைச் சுழற்றிக்கொண்டே இருக்கின்றன. பிஸ்டன்கள் மூடிய வாயிலோடு மல்லுக்கட்டிக் காற்றை இழுக்க வேண்டியிருக்கிறது. ஊசி போடும் குழாயின் வாயை விரலால் முக்கால்வாசி அடைத்துக்கொண்டு தண்டைப் பின்னே இழுத்துப் பாருங்கள், கைக்குத் தெரியும். இந்த வேலைக்கும், எஞ்சினின் உள் உராய்வுக்கும் வேண்டிய ஆற்றல் வண்டியின் இறக்கத்திலிருந்தே எடுக்கப்படுகிறது. அதனால் பிறக்கும் வெப்பத்தை வெளியேற்ற எஞ்சினுக்கு ரேடியேட்டர் இருக்கிறது, விசிறி இருக்கிறது, புகைக்குழாய் இருக்கிறது. வெப்பத்தை வெளியேற்றவே பிறந்த உறுப்புகள் இவை. பிரேக்குக்கு இந்த வசதி கிடையாது.

நான்காம் கியரைவிட இரண்டாம் கியரில், அதே வேகத்தில், எஞ்சின் சுமார் இரு மடங்கு சுற்றும். எஞ்சினின் எதிர்ப்பு சக்கரத்துக்கு வந்து சேரும்போது பெருகியும் நிற்கும். ஆகவேதான் மலைப்பாதைகளில் ‘இரண்டாம் கியரில் இறங்கவும்’ என்று பலகை வைக்கிறார்கள். ஏறுவதற்கு எந்தக் கியர் தேவைப்பட்டதோ அதே கியரில் இறங்கு என்று பழைய ஓட்டுநர்கள் சொல்வதும் இதுவே. ஆட்டோமாட்டிக் கியர் வண்டியில் ‘டி’யிலேயே விட்டுவிடாமல், ‘எல்’ அல்லது கையால் கியர் மாற்றும் நிலையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். டீசல் எஞ்சினில் காற்று வழி இப்படி மூடுவதில்லையாதலால் இந்தப் பிடிப்பு குறைவு. அதற்காகவே கனரக லாரிகளில் புகை வெளியேறும் வழியை அடைக்கும் ‘எக்ஸாஸ்ட் பிரேக்’ வைத்திருக்கிறார்கள். செங்கோட்டை - புனலூர் மலை ரயில் பாதையில் வண்டியின் பின்னாலும் ஓர் எஞ்சின் மாட்டுவார்கள். ஏறும்போது தள்ளுவதோடு அதன் வேலை முடிவதில்லை. இறங்கும்போது வண்டியைப் பிடித்துக்கொள்வதும் அதுதான்.

இங்கே ஒரு தவறான நம்பிக்கையைச் சொல்லியாக வேண்டும். இறக்கத்தில் நியூட்ரலில் விட்டால் பெட்ரோல் மிச்சம் என்று நம்புகிறவர்கள் நம் பகுதியில் ஏராளம். நான் ஒருமுறை அமர்ந்து வந்த வாடகைக் காரின் ஓட்டுநர் நியூட்ரலோடு நிற்காமல் சாவியையும் திருப்பி அணைத்துவிட்டார், கேட்டதற்கு, “சும்மா ஓடுற வண்டிக்கு எதுக்கு சார் பெட்ரோல்?” என்றார். கார்புரேட்டர் காலத்தில் இதில் சிறிது உண்மை இருந்தது. இன்றைய எரிபொருள் தெளிப்பு முறை எஞ்சின்களில், கியரில் இருந்தபடி ஆக்சிலரேட்டரை விட்டால் பெட்ரோல் தெளிப்பே நின்றுவிடுகிறது. நியூட்ரலில் விட்டால்தான் எஞ்சின் அணையாமல் இருக்கச் சிறிது பெட்ரோல் செலவாகிறது! அணைத்துவிட்டாலோ ஆபத்து இன்னும் பெரிது. காலின் அழுத்தத்தைப் பெருக்கித் தரும் பிரேக் பூஸ்டருக்கு வெற்றிடம் எஞ்சினிலிருந்து வருகிறது. எஞ்சின் நின்றால் சேமிப்பில் உள்ள வெற்றிடம் ஓரிரு முறை மிதிப்பதற்குத்தான் போதும். பிறகு பெடல் கல்லாகிவிடும். பவர் ஸ்டியரிங்கும் கைகொடுக்காது.

பிரேக் ‘பிடிக்கவில்லை’ என்று விபத்துச் செய்திகளில் படிக்கிறோமே, உள்ளே என்னதான் நிகழ்கிறது? மூன்று வழிகள் உண்டு. பழைய அம்பாசடர் போன்ற வண்டிகளில் நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக். சூடேறினால் டிரம் விரிந்து ஷூவை விட்டு விலகும். பெடலை இன்னும் ஆழமாக மிதிக்க வேண்டிவரும். டிஸ்க் பிரேக்கில் இந்தத் தொல்லை இல்லை. டிஸ்க் திறந்த காற்றில் சுழல்வதால் விரைவாகவும் ஆறும். 1953-ஆம் ஆண்டு பிரான்சின் லெ மான் 24 மணிநேரப் பந்தயத்தில் டிஸ்க் பிரேக் பொருத்திய ஜாகுவார் ஸ்போர்ட்ஸ் கார் வென்ற பிறகே மற்றவர்கள் இதைக் கூர்ந்து பார்த்தனர். பந்தயக் காரின் பிரேக் இன்று நம் வீட்டுக் காரின் முன் சக்கரங்களில் இருக்கிறது. இரண்டாவது வழி, பிரேக் பேடில் உள்ள பிசின் அளவுக்கு மீறிச் சூடேறி வாயுவை வெளிவிடுவது. பேடுக்கும் டிஸ்க்குக்கும் இடையே அது புகுந்து பிடிப்பைக் குறைக்கும். தீய்ந்த வாடை வருவது இதற்கு எச்சரிக்கை.

மூன்றாவதுதான் மிகவும் கொடியது. மிதிக்கும் விசையைச் சக்கரத்துக்குக் கொண்டு செல்வது பிரேக் ஆயில். திரவம் அழுத்தத்தால் சுருங்காது என்ற பண்பை நம்பியே இந்த ஏற்பாடு. ஆனால் பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. ‘டாட் 3’ வகை ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்கக் கூடாது என்பது விதி. ஈரம் ஏறிய பிறகோ 140 டிகிரி தாங்கினாலே போதும் என்று அதே விதி ஒத்துக்கொள்கிறது. ஆயில் கொதித்தால் குழாயில் ஆவிக் குமிழிகள் உண்டாகும். ஆவி சுருங்கும் பொருள் அல்லவா? மிதித்தால் குமிழிதான் சுருங்கும், பெடல் தரையைத் தொடும், சக்கரம் பிடிபடாது. பழைய ஆயிலை உற்பத்தியாளர் சொன்ன காலத்தில் மாற்றுவது எவ்வளவு மலிவான காப்பீடு என்று எண்ணிப் பாருங்கள்.

உங்கள் வண்டி புதியது, ஆயிலும் புதியது; அதனால் கவலையில்லை என்று நினைக்கலாம். புதிய வண்டிக்கு வேறு ஒரு குறை உண்டு. புதிய பேடும் டிஸ்க்கும் ஒன்றோடொன்று தேய்ந்து முழுப் பரப்பிலும் பொருந்த முதல் சில நூறு கிலோமீட்டர் ஆகும். அதுவரை பிடிப்பு முழுமையாக இராது. வாங்கிய மறுநாளே கொடைக்கானலுக்குக் கிளம்புவதைவிட, ராஜபாளையத்துக்கும் தென்காசிக்கும் சமவெளியில் நான்கைந்து முறை போய் வந்துவிட்டு மலையேறுவதே சரி என்பது என் கருத்து.

மின்சாரக் கார் வைத்திருப்பவர்களுக்கு இறக்கம் வரவு. மோட்டார் அங்கே ஜெனரேட்டராக மாறி, இறங்கும் ஆற்றலில் ஒரு பகுதியை பேட்டரியில் சேர்க்கிறது. ஆனால் மலை உச்சியிலேயே பேட்டரியை முழுக்க நிரப்பிக்கொண்டு இறங்கினால் சேர்க்க இடம் இராது; அந்தப் பிடிப்பும் குறைந்துவிடும்.

இனி ஆரியங்காவிலிருந்து இறங்குங்கள். இறக்கம் தொடங்கும் முன்பே தாழ்ந்த கியருக்கு மாறுங்கள்; வேகம் கூடிய பிறகு மாற்றுவது கடினம். பிரேக்கைத் தேய்த்துக்கொண்டே போகாமல், தேவையானபோது அழுத்தமாக மிதித்து வேகத்தைக் குறைத்துப் பின் விட்டுவிடுங்கள். இடைவெளியில் அது ஆறும். ஒடுங்கிய இடத்தில் ஏறி வரும் வண்டிக்கே முதல் வழி. தீய்ந்த வாடை வந்தால் பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி ஆறவிடுங்கள். தண்ணீர் ஊற்ற வேண்டாம். சுடும் இரும்பு கோணிவிடும். சக்கரத்துக்கு அண்டக் கொடுத்த கல்லைக் கிளம்பும்போது எடுத்து ஓரமாகப் போடுங்கள், பின்னால் இருசக்கர வண்டியில் ஒருவர் வருவார்.

கழுதுருட்டி அருகே சாலையோரம் ரயிலுக்கான பதின்மூன்று கண் பாலம் தெரியும். அதைப் பார்த்துவிட்டுத் தென்மலையில் வண்டியை நிறுத்தியதும் ஒரு சோதனை செய்யுங்கள். முன்சக்கரத்தைத் தொடாமல், அரை அடி தள்ளிப் புறங்கையை நீட்டுங்கள். பிறகு எஞ்சின் மூடியருகே நீட்டுங்கள். இறங்கிய மலையின் வெப்பம் எந்தப் பக்கம் போயிற்று என்று கை சொல்லிவிடும். திரும்பி வரும்போது, புளியரைப் பக்க இறக்கம் முடிந்ததும் இன்னொரு முறை பார்த்து, இரண்டையும் ஒப்பிடலாம்.