சுவரில் தொங்கும் கையொப்பம்

சென்ற பாஸ்கா காலத்தில் அம்பத்தூரில் வீடு மந்திரிக்கச் சென்றிருந்தேன். ஓர் இல்லத்தின் முன்னறையில், திரு இருதய ஆண்டவர் படத்திற்குச் சற்றுக் கீழே, சட்டமிட்ட நிழற்படம் ஒன்று தொங்கிற்று. கையில் ஹாக்கி மட்டையுடன் ஒரு வீரர். அதன்மேல் வெளிறிய நீல மையில் ஒரு கையொப்பம்.

"மாஸ்கோவில் தங்கம் வாங்கின பாஸ்கரன், சாமி. எங்க வீட்டுக்காரர் கொண்டுவந்தது" என்றார் அவ்வீட்டு அம்மையார். கணவர் தொழிற்சாலையில் உழைத்து ஓய்வு பெற்றவர். இறைவனடி சேர்ந்து சில ஆண்டுகளாகின்றன. மகனுக்கு வேறு கவலை. படத்தை விலைக்குக் கேட்கும் ஒருவர், கையொப்பம் உண்மையானது என்பதற்குச் சான்று கேட்கிறாராம். எப்போது, எங்கே பெற்றது என்று வினவினேன். மகனுக்குத் தெரியவில்லை. தாயார் யோசித்துச் சொல்வதாகக் கூறினார்.

இளைய வாசகர்களுக்காக ஒரு சொல். ஆரணியில் பிறந்து, நம் சென்னை லயோலா கல்லூரியில் பயின்ற வாசுதேவன் பாஸ்கரன், 1980 மாஸ்கோ ஒலிம்பிக்கில் இந்திய ஹாக்கி அணியின் தலைவர். ஜூலை 29 அன்று நடந்த இறுதி ஆட்டத்தில் ஸ்பெயினை 4-3 என்று வென்றோம். ஹாக்கியில் நமக்கு அது எட்டாவது ஒலிம்பிக் தங்கம். அதற்குப் பின் ஒன்பதாவது இன்னும் வரவில்லை. பல நாடுகள் புறக்கணித்ததால் ஆறே அணிகள்தாம் ஆடின என்று அவ்வெற்றியைக் குறைத்துப் பேசுவோர் உண்டு. வராதவர்களை எவ்வாறு வெல்வது என்று அவர்கள்தாம் சொல்லவேண்டும்!

அவருக்கு முன்பே சென்னை தந்த மற்றொருவர் விக்டர் ஜான் பீட்டர். 1960இல் ரோமில் வெள்ளி, 1964இல் டோக்கியோவில் தங்கம், 1968இல் மெக்சிகோவில் வெண்கலம் என மூவகைப் பதக்கமும் பெற்றவர். அவர் தம்பி பிலிப்ஸ், 1975இல் கோலாலம்பூரில் உலகக் கோப்பை வென்ற அணியில் ஆடினார். இவர்களுடைய படங்களும் யார் யார் வீட்டுப் பெட்டியடியில் கிடக்கின்றனவோ!

சான்று கேட்டவரைக் குறைகூற இயலாது. 1990களில் அமெரிக்கக் காவல்துறையினர் விளையாட்டு வீரர்களின் பெயரால் போலிக் கையொப்பமிடும் கும்பல் ஒன்றைப் பிடித்தார்கள். அவர்களிடம் அகப்பட்டவற்றுள் அன்னை தெரசாவின் கையொப்பமிட்ட பேஸ்பால் பந்துகளும் இருந்தன! கல்கத்தாவின் சேரிகளில் நடந்த அப்புனிதருக்குப் பந்தில் கையெழுத்திட நேரம் ஏது என்று வாங்கியவர் எண்ணிப் பார்க்கவில்லை போலும்.

உருப்பெருக்குக் கண்ணாடி கொண்டு நானும் அப்படத்தை நோக்கினேன். படத்தோடு சேர்த்து அச்சிட்ட கையொப்பமாயின், அதுவும் படமும் ஒரே பரப்பாக, சிறு புள்ளிகளாகத் தெரியும். பேனாவால் இட்டதாயின், படத்தைச் சாய்த்துப் பிடிக்கும்போது மை மேலே படிந்திருப்பது புலப்படும். கோடு ஓரிடத்தில் தடித்தும் ஓரிடத்தில் மெலிந்தும் ஓடும். இது பேனா மைதான். ஆனால் மை உண்மையானது என்பதால் கை யாருடையது என்று தெளிந்துவிடாதே! அதைச் சொல்ல, பெற்றவருடைய வாய்மொழி வேண்டும், அவரோ இல்லை.

நாட்டளவிலும் இத்தகைய இழப்பு நேர்ந்ததுண்டு. 1948, 1952, 1956 ஆகிய மூன்று ஒலிம்பிக்கிலும் தங்கம் வென்ற பல்பீர் சிங், அமையவிருந்த அருங்காட்சியகத்துக்கென்று தம் பதக்கங்களையும், மெல்போர்னில் அணிந்த மேலங்கியையும், நூற்றுக்கு மேற்பட்ட படங்களையும் 1985இல் இந்திய விளையாட்டு ஆணையத்திடம் ஒப்படைத்தார். அருங்காட்சியகம் எழவில்லை. 2012இல் விசாரித்தபோது பொருள்கள் எங்கே என்று எவராலும் கூற இயலவில்லை. பெரியவர் 2020 மே மாதம் மறைந்தார். நினைக்கும்தோறும் நெஞ்சு கனக்கிறது.

ஆகவே அந்த அம்மையாரிடம் சிலவற்றைக் கூறினேன். படம் வெயில் படும் சுவரிலிருந்து அகற்றப்பட வேண்டும். பேனா மை வெளிச்சத்தில் வெளிறும். நம் ஊர்ப் புழுக்கத்தில் படம் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும். பிறகு பிரித்தால் மையும் உரிந்துவிடும். ஆகவே இரண்டுக்கும் நடுவே அட்டையால் சிறிது இடைவெளி விடவேண்டும். லாமினேஷன் மட்டும் கூடவே கூடாது. சூட்டில் ஒட்டியதை மீட்க வழியில்லை. வெளிறிய கையொப்பத்தின்மீது புதுப் பேனாவால் எழுதிப் பார்ப்பதும் கூடாது (மகன் அவ்வாறு எண்ணியிருந்தார்!). முக்கியமாக, நினைவிலுள்ளதை ஒரு தாளில் எழுதிச் சட்டத்தின் பின்னே வைக்கவேண்டும்.

இரண்டு வாரம் கழித்து, ஞாயிறு திருப்பலி முடிந்ததும் அம்மையார் வந்தார். "ஞாபகம் வந்துடுச்சு, சாமி. எழும்பூர் மைதானத்துக்கு வெளியே நின்னு வாங்கினார். நனைஞ்சு வந்து, சட்டைக்குள்ளேயிருந்து படத்தை எடுத்தார். அடுத்த ஞாயிறு பெரியவளுக்குப் புதுநன்மை" என்றார்.

ஆண்டு நினைவில்லை என்றார். பதிவேட்டறையைத் திறந்து புதுநன்மைப் பதிவேட்டைப் புரட்டினோம். மகளின் பெயரும் நாளும் தெளிவாக இருந்தன. அதைப் பார்த்துப் பேத்தி ஒரு தாளில் எழுதிக்கொண்டாள். பாட்டி கீழே கையொப்பமிட்டார். படத்தை விற்பதா வேண்டாமா என்று அவ்வீட்டில் இன்னும் முடிவாகவில்லை.