கவனம்! மனிசி கூப்பிட்டாலும் வீட்டுப் படி ஏறாதீர்கள்

ஸ்காபரோவில் ஒரு வெள்ளி இரவு. வாய்ச்சண்டை முற்றி, கணவர் மனைவியைத் தள்ளிவிட்டார். மனைவி 911ஐ அழுத்தினார், பிறகு பயந்துபோய்ப் பாதியில் வைத்துவிட்டார். "ஒண்டுமில்லை சேர், எல்லாம் சரி" என்று வாசலில் நின்று பொலிஸைத் திருப்பி அனுப்ப முடியாது. துண்டிக்கப்பட்ட 911 அழைப்பு வந்தால் உள்ளே புகுந்து ஆட்கள் பத்திரமா என்று பார்க்கும் அதிகாரம் பொலிஸுக்கு உண்டு. கோடோய் வழக்கில் கனடா உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்து பல வருடங்கள் ஆகின்றன. நியாயமான ஆதாரம் தெரிந்தால் ஒன்ராறியோப் பொலிஸ் குற்றம் சுமத்தியே ஆகும். "அடிக்கேல்லை, தள்ளினான்தான்" என்பது தப்பும் வழி அல்ல, அதுவே ஒப்புதல். சம்மதமின்றி வேண்டுமென்று கை பட்டாலே சட்டத்தில் அது தாக்குதல்.

இது வரைக்கும் நடந்ததைவிட, இனி வரும் சில நாள்களில் நடப்பதுதான் என்னைப் பதைக்க வைக்கிறது. நம்மவர்கள் விழுவது முதற் குழியில் அல்ல, இரண்டாவதில்.

சனிக்கிழமை பிணை கிடைக்கிறது. தம்பி பிணையாளியாக நிற்கிறார். உத்தரவில் எழுதியிருப்பது: மனைவியோடு நேரடியாகவோ மறைமுகமாகவோ தொடர்பு கூடாது, வீட்டை அண்டக் கூடாது. செவ்வாய் இரவு மனைவியே அழைக்கிறார். "சின்னவனுக்குக் காய்ச்சல் கொதிக்குது, நீங்கள் வாங்கோ." எந்தத் தகப்பன் போகாமல் இருப்பான்? போகிறார். மறுநாள் காலை பொலிஸ் வாசலில் நிற்கிறது.

அந்தத் தள்ளல் வழக்கு சாட்சியம் போதாமல் கரைந்துபோயிருக்கலாம். இந்த மீறல் வழக்கு அப்படிக் கரையாது. சாட்சி உங்கள் தொலைபேசியிலேயே இருக்கிறது. குற்றவியல் கோவையின் 145ஆம் பிரிவில் இதற்கு இரண்டு வருடம் வரை சிறை உண்டு. பழைய பிணையும் ரத்தாகலாம். முதல் தடவை உங்களை ஏன் உள்ளே வைக்கவேண்டும் என்று அரச தரப்பு காட்ட வேண்டியிருந்தது. இந்தத் தடவை உங்களை ஏன் வெளியே விடவேண்டும் என்று நீங்கள் காட்டவேண்டும். பிணை நின்ற தம்பியின் காசும் ஆபத்தில்.

"அவதானே கூப்பிட்டவ!" என்று கேட்பவர்களுக்குப் பதில் ஒன்றுதான். உத்தரவு மனைவியைக் கட்டவில்லை, உங்களைத்தான் கட்டியிருக்கிறது. அவர் சம்மதம் உங்களுக்குக் கவசம் ஆகாது. வட்ஸ்அப்பில் ஒரு மன்னிப்பு, அவர் படத்துக்கு ஒரு விருப்பம், மகளிடம் "அம்மாட்டச் சொல்லு" என்ற ஒரு வார்த்தை, பெரியம்மா மூலம் ஒரு தூது, எல்லாமே தொடர்புதான். நிபந்தனையைத் தளர்த்த வேண்டுமென்றால் சட்டத்தரணி மூலம் அரச வழக்கறிஞரிடம் கேட்டு, நீதிமன்றத் தாளில் எழுத்து மாறவேண்டும். அது மாறும்வரை போகாதீர்கள்.

அடுத்த பொறி உறவுகள் கொண்டுவருவது. மாமா, மச்சாள், கோயில் தலைவர் என்று ஆள்மாறி ஆள் மனைவியிடம் போய் "வழக்கை வாபஸ் வாங்கு பிள்ளை, குடும்ப மானம் போகுது" என்கிறார்கள். வாபஸ் வாங்க அவரிடம் எதுவும் இல்லை. வழக்கு அரசினுடையது, தொடர்வதா விடுவதா என்று தீர்மானிப்பது அரச வழக்கறிஞர். சாட்சியத்தை மாற்றும்படி மனைவியை நெருக்கினால் அது நீதியைத் தடுத்த குற்றம், பத்து வருடம் வரை சிறை. நெருக்கிய மாமாவும் மாட்டுவார். அன்று இரவு ஸ்டேஷனில் மனைவி சத்தியம் செய்து வீடியோவில் சொன்னது இருந்தால், பிறகு சாட்சிக் கூண்டில் மாற்றிச் சொன்னாலும் அந்த வீடியோவே சாட்சியமாக ஏற்கப்படலாம். 1993இல் உச்ச நீதிமன்றம் திறந்துவிட்ட வழி அது.

பொலிஸ் விசாரணை அறையைப் பற்றியும் சொல்லவேண்டும். படங்களில் பார்ப்பதுபோல உங்கள் லோயர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கமாட்டார். சட்டத்தரணியோடு பேசும் உரிமை உண்டு. ஆனால் விசாரணை முழுவதும் அவர் கூட இருக்கும் உரிமை இல்லை என்று சின்க்ளெயர் வழக்கில் 2010இல் தீர்ப்பாகிவிட்டது. நீங்கள் மௌனம் என்று சொன்ன பிறகும் விசாரிப்பவர் நயமாகத் திரும்பத் திரும்பக் கேட்கலாம். அந்த நயத்தில்தான் நம்மவர்கள் உருகிவிடுகிறார்கள். பேர், விலாசம், அதற்குமேல் "லோயரோட கதைச்ச பிறகு" என்ற ஒரே பதில். தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள், "இங்கிலிஷ் ஓரளவு விளங்கும்" என்று தலையாட்டாதீர்கள்.

ஏனென்றால் நம் மொழியே நம்மைக் காட்டிக்கொடுக்கும். கோபத்தில் "கொண்டுபோடுவன்" என்பது எங்கள் வீடுகளில் குழந்தைக்கும் சொல்லும் சொல். ஆங்கிலத்தில் எழுதப்பட்டால் அது கொலை மிரட்டல், ஐந்து வருடம் வரை. "கழுத்தைப் பிடிச்சார்" என்றால் சட்டைக் கழுத்தா, குரல்வளையா? குரல்வளை என்று பதிவானால் கதை வேறு. மூச்சுத் திணறவைத்தல் 2019இலிருந்து தனிக் குற்றம், உச்சத் தண்டனை பத்து வருடம். எறிந்த செருப்பு, ஓங்கிய அகப்பைகூடச் சட்டத்தில் ஆயுதம் ஆகும். ஆயுதத்தோடு தாக்குதலுக்கும் அதே பத்து வருட உச்சம்.

அந்தப் பத்து என்ற எண்ணை நிரந்தர வதிவிட அட்டை வைத்திருப்பவர்கள் மனதில் எழுதிக்கொள்ளுங்கள். உச்சத் தண்டனை பத்து வருடமோ மேலோ உள்ள குற்றத்தில் தீர்ப்பு விழுந்தால், ஒரு நாள் சிறையும் இல்லாவிட்டாலும் குடிவரவுச் சட்டத்தில் கடும் குற்றவாளி என்று பட்டியலாகி நாடுகடத்தல் வழக்கு வரலாம். சாதாரண தாக்குதலுக்கும் ஆறு மாதத்துக்கு மேல் சிறை விதித்தால் அதே கதி. மாணவ விசாவில், வேலை அனுமதியில் இருப்பவர்களுக்கு வாசல் இதைவிட ஒடுக்கம். "குற்றத்தை ஒப்புக்கொள், வகுப்புக்குப் போ, முடிஞ்சுது" என்று யாராவது அவசரப்படுத்தினால் கையெழுத்திடாதீர்கள். நிபந்தனையுடன் விடுவிப்பு வேறு, தண்டனைத் தீர்ப்பு வேறு. முதலாவது தண்டனைத் தீர்ப்பாகக் கொள்ளப்படாது, இரண்டாவது ஊருக்கு அனுப்பலாம். குற்றவியல் லோயரோடு குடிவரவு லோயரையும் இருத்திக் கேளுங்கள். குடும்ப நீதிமன்றத்தில் பிள்ளைகளுக்காகப் போடும் சத்தியக் கடதாசியையும் குற்றவியல் லோயர் படிக்காமல் கொடுக்கவேண்டாம். அதில் எழுதிய ஒரு வரி உங்களுக்கு எதிராகக் குற்றவியல் வழக்கில் வாசிக்கப்படலாம்.

அடித்தவரைக் காப்பாற்ற இதை எழுதவில்லை. வாசிக்கும் தங்கச்சிமாரே, அடிபடுகிறீர்கள் என்றால் 911ஐ வைத்துவிடாதீர்கள். மொழிபெயர்க்கக் கணவரையோ பிள்ளையையோ விடாமல், தமிழ் ஆள் வேண்டும் என்று கேளுங்கள். "கழுத்து" என்றால் எந்த இடம், எவ்வளவு நேரம் என்று கைவைத்துக் காட்டுங்கள். நடந்தது நடந்தபடி பதிவாகட்டும், கூடவும் வேண்டாம், குறையவும் வேண்டாம். குற்றம் செய்யாதவருக்கும் காயப்பட்டவருக்கும் ஒரே பாதுகாப்பு அதுதான்.

லோயருக்குக் காசில்லை என்று தனியே நிற்கவேண்டாம். கைதான இரவிலேயே இலவசக் கடமைச் சட்டத்தரணியோடு தொலைபேசியில் பேசலாம். பிணை நீதிமன்றத்திலும் அவர்கள் இருப்பார்கள். பிறகு ஒன்ராறியோ சட்ட உதவிக்கு விண்ணப்பிக்கலாம். வீட்டில் விட்டு வந்த உடுப்பு, மருந்து, கடவுச்சீட்டு எடுக்கவேண்டுமென்றால், ஒரு தடவை பொலிஸோடு போய் எடுக்க உத்தரவில் இடம் கேட்டு வாங்குங்கள். செவ்வாய் இரவுபோல மனைவியிடமிருந்து அழைப்பு வந்தால் எடுக்காமல் விடுங்கள். தவறிய அழைப்பை அழிக்காமல் லோயரிடம் காட்டுங்கள். சின்னவனுக்குக் காய்ச்சல் என்று தெரிந்தால், மனைவியிடம் எதையும் காவாமல், உத்தரவில் பேர் இல்லாத ஓர் அயலவரிடம் பிள்ளையை வைத்தியரிடம் கொண்டுபோகச் செய்யலாமா என்று லோயரையே கேளுங்கள். அவர் சரி என்று சொல்லும்வரை தூதும் அனுப்பாதீர்கள்.