உங்களுக்குத் தெரியுமா? – மறந்துபோகும் உயிர்காக்கும் பயிற்சி

◆ நீச்சலை ஒருமுறை கற்றால் ஆயுளுக்கும் மறக்காது. நெஞ்சை அழுத்தி உயிர் மீட்கும் சிபிஆர் அப்படியல்ல. பயிற்சி முடிந்த மூன்று முதல் ஆறு மாதங்களிலேயே அந்தத் திறமை தேயத் தொடங்குகிறது என்று பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அமெரிக்க இதய சங்கம் தரும் சான்றிதழோ இரண்டு ஆண்டுகளுக்குச் செல்லும். பேறுகால விடுப்பு முடிந்து பணிக்குத் திரும்பும் செவிலியரும், மேற்படிப்பு நுழைவுத் தேர்வுக்காக வீட்டிலேயே இருந்து படித்த இளம் டாக்டரும் சான்றிதழின் தேதியை மட்டும் நம்பியிருக்கக் கூடாது.

◆ படித்தது நினைவிருக்கும். கைதான் முதலில் மறக்கும். நிமிடத்துக்கு 100 முதல் 120 அழுத்தங்கள், பெரியவர்களுக்கு 5 முதல் 6 செ.மீ. ஆழம் என்று கேட்டவுடன் சொல்லிவிடுவார்கள். பயிற்சிப் பொம்மையின் மேல் கை வைத்தால் பலருக்கு ஆழம் போதாது. இன்னும் சிலர், அழுத்திய நெஞ்சு முழுதாக மேலெழும் முன்பே அடுத்த அழுத்தத்தைக் கொடுத்துவிடுவார்கள்.

◆ அத்தகைய பயிற்சிப் பொம்மை ஒன்றின் பெயர் ‘ரிசசி ஆன்’. 1960-இல் நார்வேயின் ஸ்டவாங்கர் நகரத்துப் பொம்மைத் தயாரிப்பாளர் ஆஸ்மண்ட் லேர்டால் உருவாக்கியது. பாரிஸில் சேன் நதியில் மூழ்கி இறந்ததாகச் சொல்லப்படும், பெயர் தெரியாத இளம்பெண்ணின் முகவார்ப்பைத்தான் அதற்கு முகமாக வைத்தார்.

◆ ஒரே நாளில் மணிக்கணக்காகப் பழகுவதைவிட, இடைவெளி விட்டுச் சிறிது சிறிதாகப் பழகுவது நெடுநாள் நிற்கும். ஜெர்மானிய உளவியலாளர் ஹெர்மன் எபிங்ஹாஸ் 1885-லேயே எழுதிவைத்த உண்மை இது. சில வெளிநாட்டு மருத்துவமனைகளில் பொம்மையை வார்டுக்கே கொண்டுவந்து, மூன்று மாதத்துக்கு ஒருமுறை சில நிமிடங்கள் பழக வைக்கிறார்கள். ஆழமும் வேகமும் சரியா என்று பொம்மையோடு இணைந்த திரை அப்போதே காட்டிவிடும். நம் ஊர் மருத்துவமனைகள் எல்லாவற்றிலும் இது வர வேண்டும். வார்டின் ஒரு மூலை போதும்.

◆ வீட்டிலும் பழகலாம். தரையில் கெட்டியான தலையணை, பக்கத்தில் மண்டியிட்டு, முழங்கை மடங்காமல், போனில் தாளம் தட்டும் மெட்ரோனோமை நிமிடத்துக்கு 110-இல் வைத்து இரண்டு நிமிடம். உண்மையான அவசரத்தில், உதவிக்கு ஆள் இருந்தால் கை மாற்ற வேண்டிய நேரமும் அதுதான். தலையணை ஆழத்தைக் கற்றுத்தராது. தாளம் கையில் நிற்கும். உயிருள்ள ஒருவரின் நெஞ்சில் மட்டும் பழகவே கூடாது.

◆ நீண்ட இடைவெளியில் இன்னொரு சிக்கல்: பாடமே மாறியிருக்கும். 15 அழுத்தம், 2 மூச்சு என்றிருந்தது 2005-இல் பெரியவர்களுக்கு 30-க்கு 2 ஆனது. மூச்சுப்பாதை முதலில் என்றிருந்த வரிசை, 2010-இல் அழுத்தம் முதலில் என்று மாறியது.

◆ பாடம் மாறியது சிபிஆரில் மட்டுமல்ல. தொண்டையில் உணவு சிக்கியவரின் மேல்வயிற்றைப் பின்னாலிருந்து அழுத்தும் முறையை 1974-இல் அறிமுகம் செய்தவர் அமெரிக்க டாக்டர் ஹென்றி ஹைம்லிக். 2016-இல், தம் 96-ஆம் வயதில், முதியோர் இல்லத்தில் உணவு மேசையருகே இருந்த 87 வயதுப் பெண்மணியை அதே முறையில் காப்பாற்றினார்! முதுகில் தட்டுவதை அவர் கடுமையாக எதிர்த்தவர். ஆனால் அமெரிக்க இதய சங்கத்தின் 2025 வழிகாட்டுதல், முதலில் முதுகில் ஐந்து தட்டு, பிறகு வயிற்றில் ஐந்து அழுத்தம் என்று மாறி மாறிச் செய்யச் சொல்கிறது. ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு வயிற்றை அழுத்தவே கூடாது. முதுகில் ஐந்து தட்டு, நெஞ்சில் ஐந்து அழுத்தம்.