இடிந்த வீட்டில் பிழைத்த சிறுவன் ஒளியை அளந்த கதை

1801-ம் ஆண்டு ஜூலை 21-ந் தேதி. ஜெர்மனியில் உள்ள மியூனிக் நகரில் கண்ணாடிப் பட்டறை நடந்த ஒரு வீடு இடிந்து விழுந்தது. உள்ளே 14 வயதுச் சிறுவன் ஒருவன் சிக்கிக்கொண்டான்.

அவன் பெயர், ஜோசப் பிரான்ஹோபர். தாய், தந்தை இல்லாதவன். பட்டறை முதலாளி அவனைப் படிக்க விடவில்லை.

பல மணி நேரம் கழித்து அவனை உயிருடன் மீட்டார்கள். நாட்டை ஆண்ட மாக்சிமிலியன் ஜோசப் நேரில் வந்து பார்த்தார். சிறுவனுக்குப் பணம் கொடுத்தார். அந்தப் பணத்தில் அவன் புத்தகம் வாங்கினான். பட்டறையில் இருந்தும் விடுதலை பெற்றான்.

அவன்தான் பின்னாளில் பெரிய விஞ்ஞானி ஆனான்!

பிளவு வழியே ஒளி

ஒளி அலை அலையாகச் செல்கிறது. ஒரு முகட்டுக்கும் அடுத்த முகட்டுக்கும் உள்ள தூரமே "அலைநீளம்". அது மிக மிகச் சிறியது. அதை எப்படி அளப்பது?

மெல்லிய பிளவு வழியாக ஒளியைச் செலுத்தினார், பிரான்ஹோபர். ஒளி இரு பக்கமும் விரிந்தது. நடுவே அகலமான வெளிச்சப் பட்டை. அதன் இரு புறமும் இருட்டும் வெளிச்சமும் மாறி மாறி வந்தன!

ஒரு அலையின் முகடும் இன்னொன்றின் பள்ளமும் சேர்ந்தால் ஒளி அணைந்துவிடும். அங்கேதான் இருட்டு. ஒளி இப்படிப் பிளவில் விரிவதற்கு "விளிம்பு விளைவு" என்று பெயர்.

பிளவு பாதியாகக் குறைந்தால், பட்டை இரண்டு மடங்கு விரியும். இதை அவர் அளந்து காட்டினார்.

கணக்கு எளிது

இன்று மாணவர்கள் லேசர் விளக்கைக் கொண்டு இதைச் செய்கிறார்கள். (லேசர் ஒளி கண்ணில் படக் கூடாது.)

பிளவின் அகலம் 0.1 மில்லிமீட்டர். சுவர் 2,000 மில்லிமீட்டர் தள்ளி இருக்கிறது. சுவரில், பட்டையின் நடுவில் இருந்து முதல் இருட்டு வரை 13 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம்.

0.1-ஐ 13-ஆல் பெருக்கினால் 1.3. அதை 2,000-ஆல் வகுத்தால் 0.00065 மில்லிமீட்டர். இதுவே அந்தச் சிவப்பு ஒளியின் அலைநீளம். ஒரு மில்லிமீட்டரில் சுமார் 1,500 அலைகள்!

கண்ணுக்குத் தெரியாத அளவை, பள்ளிப் பிள்ளையின் அளவுகோல் சொல்லிவிடுகிறது.

39 வயதில் மரணம்

சூரிய ஒளியில் 500-க்கு மேற்பட்ட கருங்கோடுகளை பிரான்ஹோபர் கண்டார். முக்கியமான கோடுகளின் அலைநீளத்தையும் அளந்தார். சூரியனில் என்னென்ன பொருள்கள் உள்ளன என்பதை, அந்தக் கோடுகளைக் கொண்டே பின்வந்தவர்கள் கண்டுபிடித்தார்கள்.

1826-ல் காச நோய் அவரது உயிரைப் பறித்தது. அப்போது அவருக்கு வயது 39.