மீனின் உருவமும் குடித்தொகையும்

வன்னியின் நன்னீர் கனகராயன் ஆறாகப் பெருகி, இரணைமடுக் குளத்திலே தங்கி, எஞ்சியது ஆனையிறவுக்குக் கிழக்கேயுள்ள கடல்நீரேரியிற் கலக்கின்றது. 1952இல் இலங்கைக்குக் கொணரப்பட்ட மொசாம்பிக் திலாப்பியா நன்னீரிலும் உவர்நீரிலும் வாழவல்லது. குளத்து மீனும் ஏரி மீனும் ஒரே குடித்தொகையைச் சேர்ந்தனவா?

இத்தகைய வினாவுக்கு உடலை அளந்து விடைகாணும் முறை பழையது. ஜேர்மானிய அறிஞர் ஹைங்கே 1898இல் ஹெரிங் மீன்களை இவ்வாறே வகுத்தார். உடல் நீளத்தோடு தலை நீளம், உடலின் உயரம், வாலடியின் தடிப்பு ஆகியன ஒப்பிடப்படும். வளருந்தோறும் இவ்விகிதங்கள் மாறுமாதலின், சிறு மீனைப் பெருமீனோடு ஒப்பிடல் தவறு. பாலும் நோக்கற்பாலது. திலாப்பியாவின் முதிர்ந்த ஆணுக்குத் தாடை பெருத்து, நெற்றிக்கோடு உட்குழிகின்றது. ஓரிடத்து வலையில் ஆண்களும் மற்றோரிடத்து வலையில் பெண்களும் மிகுமாயின், ஒரே குடித்தொகை இரண்டாகத் தோன்றும். வலைக்கண்ணின் அளவொன்றே இம்மயக்கத்தை விளைக்கப் போதும்!

அளவை செம்மையாயினும், வேறுபாடு பரம்பரையால் வந்ததெனத் துணிதல் ஆகாது. உணவும் உவர்ப்பும் வெப்பமும் இளம்பருவத்திலேயே உடலை மாற்றக்கூடும். இரண்டிடத்துத் தாய்மீன்களும் வாயிற் காக்கும் குஞ்சுகளை எடுத்து, ஒரேவகை நீரில் வளர்த்துப் பார்த்தல் வேண்டும். பின்னர் வந்த நைல் திலாப்பியா இலங்கைக் குளங்கள் பலவற்றில் இதனோடு கலந்துவிட்டமையால் பரம்பரையலகுச் சோதனையும் இன்றியமையாதது. கலப்பினக் குஞ்சை அறியாது மற்றொரு நீர்நிலையில் விட்டபின் மீட்டெடுத்தல் இயலாது.